வழக்கைப் போடாத வக்கீலும் 2,500 ரூபாயும்

"வக்கீல் கேஸை கவனிக்கவே இல்ல, தோத்துப் போச்சு. அவர் மேல என்ன நடவடிக்கை எடுக்க முடியும்?"

கோர்ட்டு சம்பந்தமாக நான் எதை எழுதினாலும் கடைசியில் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது. "பார் கவுன்சிலில் புகார் கொடுங்க" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். தப்பான பதில் இல்லை, ஆனால் பாதிப் பதில். புகார் கொடுத்தால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதுதான் மீதிப் பாதி. அதைத் தெரிந்துகொள்ள, 1978 முதல் 2024 வரை உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் சொன்ன சில தீர்ப்புகளை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். நான் வக்கீல் இல்லை. தீர்ப்புகளைப் படிக்கிற பழக்கம் உள்ள ஒரு வாசகன், அவ்வளவுதான். இது அந்த வாசிப்பிலிருந்து எழுந்த ஒரு விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய ஒழுங்கு நடவடிக்கைச் சட்டத்துக்கு ஏமாற்றுகிற வக்கீலைத் தெரியும். கவனிக்காமல் விடுகிற வக்கீலை அவ்வளவாகத் தெரியாது. இந்த இரண்டு பேராலும் நஷ்டப்பட்ட கட்சிக்காரரை அதற்குத் தெரியவே தெரியாது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

முதலில் "கவனிக்கலை" என்றால் கோர்ட்டில் அது என்ன வடிவம் எடுக்கிறது என்று பார்ப்போம். சிவில் வழக்கில் முக்கியமாக மூன்று.

ஒன்று, நீங்கள் பிரதிவாதி. உங்கள் வக்கீல் வாய்தாவுக்குப் போகவில்லை, அல்லது எதிருரை தாக்கல் செய்யவில்லை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யச் சொல்லி மனு போட 30 நாள் அவகாசம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. சம்மன் ஒழுங்காக உங்களுக்குச் சார்வு ஆகியிருந்தால் அந்த 30 நாள், உங்களுக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஓடாது; தீர்ப்பான நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். வக்கீல் சொல்லாமல் மறைத்த நாட்களும் உங்கள் கணக்கில்தான் கழியும்.

இரண்டு, நீங்கள் வாதி. எதிர்த்தரப்பு கோர்ட்டில் நிற்கிறது, உங்கள் பக்கம் யாரும் இல்லை. வழக்கு டிஃபால்ட்டில் தள்ளுபடி. அதே விவகாரத்துக்காகப் புதிதாக இன்னொரு வழக்குப் போட முடியாது. பழைய வழக்கையே உயிர்ப்பிக்க மனு போட வேண்டும். அதற்கும் 30 நாள்தான்.

மூன்றாவதுதான் மோசம். வழக்கையே போடாமல் விடுவது. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று வருடம் கெடு. அது தாண்டினால் கையில் இருப்பது வெறும் காகிதம்.

இதில் எதுவும் நடக்கும்போது கட்சிக்காரருக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை வக்கீல் ஆபீஸுக்குப் போன் பண்ணுவார். குமாஸ்தா எடுத்து "அடுத்த மாசம் வாய்தா ஆகியிருக்கு, நீங்க வர வேண்டாம்" என்பார். அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்கிற அன்றைக்குத்தான் வழக்கு முடிந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது தெரியவரும். சிகிச்சை தவறினால் நோயாளியின் உடம்பு ஏதாவது ஒரு விதத்தில் காட்டிக்கொடுக்கும். வழக்கு தவறினால் அப்படி எந்த அறிகுறியும் கிடையாது. இந்தத் தொழிலில் அலட்சியத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ரங்கதுரை வழக்கு

இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு நம் சென்னையிலிருந்து போனதுதான். வி.சி. ரங்கதுரை எதிர் டி. கோபாலன். உச்ச நீதிமன்றம் 1978 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது.

கதை எளிமையானது. காது கேளாத ஒரு முதியவரின் தரப்பில் இரண்டு புரோநோட்டுகள், ஒன்று 15,000 ரூபாய்க்கு, இன்னொன்று 5,000 ரூபாய்க்கு, வழக்குப் போடச் சொல்லி வக்கீலிடம் கொடுக்கப்பட்டன. வழக்குச் செலவுக்கான பணமும் கொடுக்கப்பட்டது. வக்கீல் வழக்குப் போடவில்லை. ஆனால் போட்டுவிட்டதாகவும், வாய்தா தள்ளிப்போய்க்கொண்டே இருப்பதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

புகார் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்குப் போனது. அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவரை ஆறு வருடம் தொழில் செய்யக்கூடாது என்று நிறுத்திவைத்தது. அவர் இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு போனார். குற்றம் உண்மை என்று அவர்களும் சொன்னார்கள், ஆனால் ஆறு வருடத்தை ஒரு வருடமாகக் குறைத்தார்கள். அப்புறம் உச்ச நீதிமன்றம். மூன்று நீதிபதிகள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர்.

கிருஷ்ணய்யர் இங்கே ஒரு புதிய வழி யோசித்தார். வெறுமனே வீட்டில் உட்கார வைப்பதால் யாருக்கு லாபம்? தண்டனை என்பது திருத்துவதாகவும், சமூகத்துக்குப் பயன்படுவதாகவும், பாதிக்கப்பட்டவருக்கு ஏதாவது திருப்பிக் கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். அதனால், தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியை வக்கீல் இலவச சட்ட உதவிப் பணியில் கழிக்கலாம், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

நீதிபதி ஏ.பி. சென் இதற்கு உடன்படவில்லை. வழக்கறிஞர்கள் சட்டம், 1961, பிரிவு 35(3) என்னென்ன தண்டனை கொடுக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது: புகாரைத் தள்ளுபடி செய்யலாம், வக்கீலைக் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். பட்டியல் அதோடு முடிந்துவிடுகிறது. சட்டத்தில் இல்லாத ஒரு தண்டனையை நீதிமன்றமாகக் கண்டுபிடித்துக் கொடுக்க முடியாது என்பது அவர் பக்கத்து வாதம்.

பொதுவாக இந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் கிருஷ்ணய்யரின் மனிதாபிமானத்தைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு இதில் இரண்டு உறுத்தல்கள்.

முதல் உறுத்தல் கணக்கு. கொடுத்த நோட்டுகளின் மதிப்பு 20,000 ரூபாய், வட்டி தனி. கிடைத்தது 2,500. எட்டில் ஒரு பங்கு. அதுவும் உச்ச நீதிமன்றம் வரை வந்த ஒரு வழக்கில், மனிதாபிமானத்துக்குப் பெயர்போன ஒரு நீதிபதி, சட்டத்தை இழுத்து வளைத்துக் கொடுத்த தொகை. அவர் அளவுக்கு இழுக்க மனமில்லாத ஒரு குழுவின் முன்னால் அந்த முதியவர் நின்றிருந்தால் கையில் பூஜ்யம்தான்.

இரண்டாவது உறுத்தல் அந்த இலவச சட்ட உதவி. வழக்கே போடாமல் போட்டதாகச் சொன்ன ஒருவரை யாரிடம் அனுப்புகிறோம்? காசு கொடுத்து வேறு வக்கீல் வைத்துக்கொள்ள முடியாத ஏழையிடம். பணம் உள்ளவர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு வேறு ஆபீஸுக்குப் போய்விடுவார். சட்ட உதவியில் வருகிறவருக்கு அந்தத் தேர்வு கிடையாது. தண்டனையாகச் சேவை செய்யச் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சேவையைப் பெறுகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அது அவருக்கும் சேர்த்துக் கொடுத்த தண்டனை போலத் தெரிகிறது.

அப்படியானால் சென் சொன்னதுதான் சரியா? சட்ட வாசகத்தை வைத்துப் பார்த்தால், என் வாசிப்பில், ஆமாம். ஆனால் அவர் சரி என்பதுதான் பிரச்சினையே. நஷ்டஈடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் பிரிவு 35(3)இல் இல்லை என்று ஒரு நீதிபதி பகிரங்கமாகச் சுட்டிக்காட்டி நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வரியைச் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஏமாற்றினாரா, விட்டுவிட்டாரா?

ரங்கதுரை வழக்கில் பொய் இருந்தது. அதனால் "தொழில் ஒழுங்கீனம்" என்று சொல்வதில் யாருக்கும் தயக்கமில்லை. பொய் சொல்லாமல், வெறுமனே கவனிக்காமல் விட்டிருந்தால்?

அதற்கு 1997இல் வந்த வி.பி. குமாரவேலு எதிர் இந்திய பார் கவுன்சில் தீர்ப்பைப் பார்க்க வேண்டும். இதுவும் சென்னைதான். அவர் சென்னை சிவில் நீதிமன்றங்களில் அரசு வக்கீலாக இருந்தவர். அரசுக்கு எதிரான வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆனது. புகார் கொடுத்ததே அரசுதான். இந்திய பார் கவுன்சில் அவரைக் கண்டித்தது. உச்ச நீதிமன்றம் அந்தக் கண்டனத்தை ரத்து செய்தது.

காரணம் நியாயமாகவே படும். பெரிய ஆபீஸ், ஏகப்பட்ட கட்டுகள், வேலை பார்க்கும் ஊழியர்களின் தவறு. அவர் வேண்டுமென்றே எதையும் செய்ததாகத் தெரியவில்லை. அந்த ஒருவரைப் பொறுத்தவரை முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அங்கே நீதிமன்றம் சொன்ன அளவுகோல் எல்லோருக்கும் பொருந்துவது. மிக மோசமான அலட்சியம் ஒழுங்கீனம் ஆகும். ஆனால் ஒழுக்கக்கேடு கலக்காத அலட்சியம் ஒழுங்கீனம் ஆகாமல் போகலாம் என்பது அதன் சாரம். இது 1997இல் புதிதாக முளைத்ததும் இல்லை. 1960களிலேயே உச்ச நீதிமன்றம் இந்தப் பாதையில்தான் நடந்திருக்கிறது.

இந்த அளவுகோலில் என்ன கோளாறு? அது வக்கீலின் மனதைப் பார்க்கிறது. அவர் நெஞ்சில் வஞ்சம் இருந்ததா என்று கேட்கிறது. கட்சிக்காரருக்கு வீடு போனதா என்பது இரண்டாம்பட்சம். லாரி ஓட்டுகிறவர் தூங்கிவிட்டால் "அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை" என்று லைசென்ஸை விட்டுவைப்போமா? லைசென்ஸ் என்பது நல்ல மனசுக்குக் கொடுக்கிற சான்றிதழ் இல்லையே. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வார் என்று சமூகத்துக்குக் கொடுக்கிற உத்தரவாதம். சன்னத்தும் அதேதான்.

இங்கே ஒரு பிரிவினை செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் வக்கீல்களைத் திட்டுவது எளிது, நியாயமில்லை. தவறான முடிவு வேறு, செய்யாமல் விடுவது வேறு. எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது, எந்தச் சட்டப்பிரிவை வைத்து வாதாடுவது என்பதெல்லாம் முடிவுகள். அவை தவறிப்போகலாம். தோற்ற ஒவ்வொருவரும் இதற்காகப் புகார் கொடுக்க ஆரம்பித்தால் யாரும் வக்கீல் தொழில் செய்ய முடியாது. இந்தப் பயம் உண்மையானது. ஆனால் கெடுவுக்குள் தாக்கல் செய்வது, வாய்தாவுக்குப் போவது, போக முடியாவிட்டால் ஆள் அனுப்புவது, தீர்ப்பானதைச் சொல்வது, கட்டைத் திருப்பிக் கொடுப்பது, இதெல்லாம் முடிவுகள் இல்லை. செய்தாரா, இல்லையா என்று டைரியைப் பார்த்தே சொல்லிவிடலாம். இதற்கு ஒழுக்கக்கேடு என்ற பெரிய வார்த்தை தேவையே இல்லை.

கட்டைத் திருப்பிக் கொடுக்கிற விஷயத்தில் உச்ச நீதிமன்றமே இப்படித்தான் பார்த்திருக்கிறது. 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கு. ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல், ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லி வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டார். ஃபீஸ் பாக்கிக்காக கட்டை அடகு மாதிரி வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை கிடையாது, திருப்பிக் கொடுக்க மறுப்பது ஒழுங்கீனம் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அங்கே வக்கீலின் மனசில் என்ன இருந்தது என்ற ஆராய்ச்சி முக்கியமாகப் படவில்லை. கட்டைக் கொடுத்தாரா, கொடுக்கவில்லையா? அதே தெளிவு வாய்தாவுக்கும் கெடுவுக்கும் ஏன் வரக்கூடாது?

2024: இன்னொரு கதவு

பார் கவுன்சில் சரிப்படவில்லை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். டாக்டர்களை 1995லேயே உச்ச நீதிமன்றம் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. வக்கீல்களையும் கொண்டுவரலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007இல் சொன்னது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2024 மே 14 ஆனது. டி.கே. காந்தி வழக்கு என்று பேர்.

வேடிக்கை என்னவென்றால், இங்கேயும் மூலத் தொகை 20,000 ரூபாய்தான். செக் திரும்பிவிட்டது என்று வழக்குப் போட வக்கீல் வைக்கிறார் ஒருவர். எதிர்த்தரப்பு சமாதானத்துக்கு வந்து பணம் கொடுக்கிறது. அது தன் கைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை, வக்கீல் ஃபீஸைக் கேட்டுப் பிடித்து வைத்துவிட்டார் என்பது புகார்.

உச்ச நீதிமன்றம் வக்கீல்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. காரணங்களில் சில எனக்குப் புரிகின்றன. வக்கீலுக்குக் கட்சிக்காரரிடம் மட்டுமல்ல, நீதிமன்றத்திடமும் கடமை உண்டு. வழக்கின் முடிவு அவர் கையில் மட்டும் இல்லை. சரி.

ஆனால் தீர்ப்பின் அச்சாணி வேறு ஒரு காரணம். வக்கீல் கட்சிக்காரரின் முகவர். அவர் சொல்லாமல் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது, சமாதானம் பேச முடியாது. ஆக, வக்கீலின் மேல் கட்சிக்காரருக்கு நேரடியான கட்டுப்பாடு கணிசமாக இருக்கிறது. எனவே இது வீட்டு வேலைக்காரரோடு செய்துகொள்வது போன்ற தனிப்பட்ட பணி ஒப்பந்த வகை, அந்த வகையை நுகர்வோர் சட்டம் விலக்கிவைத்திருக்கிறது.

படித்துவிட்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மரத்தடியில் நிற்கும் ஒரு கட்சிக்காரரை நினைத்துப் பாருங்கள். வக்கீலைப் பார்க்க இரண்டு மணி நேரமாக நிற்கிறார். அவர் வந்ததும் எழுந்து கும்பிடுகிறார். வெற்று வக்காலத்துப் படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். "என் கேஸ் என்னாச்சுங்க ஐயா" என்று கேட்கவே தைரியம் வராமல் குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறார். இவர்தான் வக்கீலை "நேரடியாகக் கட்டுப்படுத்துகிறவர்". சட்டப்படி அதிகாரம் கட்சிக்காரரிடம் இருக்கலாம். அதை அவர் பயன்படுத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி. கம்பெனிகளும் வங்கிகளும் தங்கள் வக்கீல்களைக் கட்டுப்படுத்துகின்றன, உண்மை. அவர்களுக்கு நுகர்வோர் கோர்ட்டு தேவையும் இல்லை.

இந்தத் தீர்ப்பு வக்கீலுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பார் கவுன்சில் இருக்கிறது, சாதாரண சிவில் கோர்ட்டு இருக்கிறது, அங்கே போகலாம் என்பதுதான் அதன் நிலை. சரி, அங்கே போய்ப் பார்ப்போம்.

மிச்சமிருக்கும் கதவுகள்

பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளப்படும் வக்கீல். மூவருமே வக்கீல்கள். கவுன்சில் உறுப்பினர்களோ வக்கீல்களின் ஓட்டில் ஜெயித்து வருகிறவர்கள். நேர்மையானவர்களாகவே இருக்கட்டும். அடுத்த தேர்தலில் தனக்கு ஓட்டுப் போடப்போகிறவரைத் தண்டிக்கும் வேலையை எந்தத் தொழிலிலும் யாருக்கும் கொடுக்கக்கூடாது.

ஒரு வருடத்துக்குள் புகாரை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்கிறது பிரிவு 36பி. தாமதத்தைத் தடுக்க வந்த பிரிவு. நடைமுறையில் திருநெல்வேலிக்காரர் சென்னையில் கொடுத்த புகார், சென்னை சும்மா இருந்த காரணத்துக்காகவே டெல்லி அமைப்பின் கைக்குப் போகிறது. தாமதித்தது குழு, அலைகிறவர் புகார்தாரர். 2021 டிசம்பரில் கே. அஞ்சினப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்துக் கண்டித்தது. மாநிலக் குழுக்கள் ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், மாற்றப்பட்டு வருபவற்றை இந்திய பார் கவுன்சிலும் ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. கெடு தவறிய வக்கீலை விசாரிக்கிற அமைப்பே கெடுவைத் தவறவிடுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சிவில் கோர்ட்டுக்குப் போனால்? இதற்கு ஒரு பழைய சட்டம் துணைக்கு உண்டு, பலருக்கும் தெரியாது. 1926ஆம் வருடத்து வக்கீல் கட்டணச் சட்டம். அதன் பிரிவு 5 சொல்வது: வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காக, தன் தொழில் கடமையில் காட்டிய அலட்சியத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு வழக்கைச் சந்திக்காமல் தப்பிக்க முடியாது. கிட்டத்தட்ட நூறு வருடமாக இந்த வரி இருக்கிறது. இங்கிலாந்தில் கோர்ட்டில் வாதாடுகிற பாரிஸ்டர்களுக்கு இருந்த விலக்கை அந்நாட்டு பிரபுக்கள் சபை 2000இல்தான் எடுத்துப்போட்டது. அந்த வகையில் நாம் முந்திக்கொண்டவர்கள்.

ஆனால் அந்த வழியில் நடந்து பாருங்கள். முதலில், உங்கள் ஊர் வக்கீல் மேல் வழக்குப் போட அதே ஊரில் இன்னொரு வக்கீலைத் தேட வேண்டும். அடுத்து, வக்கீல் அலட்சியமாக இருந்தார் என்று மட்டும் நிரூபித்தால் போதாது. அவர் ஒழுங்காக நடத்தியிருந்தால் பழைய வழக்கில் ஜெயித்திருப்பேன் என்றும் காட்ட வேண்டும். ஒரு வழக்குக்குள் இன்னொரு வழக்கு. அப்புறம் காலம். 1988இல் உச்ச நீதிமன்றம் வரை வந்த எம். வீரப்பா வழக்கு அப்படித்தான். கட்சிக்காரர் தன் வக்கீல் மேல் அலட்சியத்துக்காக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். அது முடியும் முன் இறந்துவிட்டார். வாரிசுகள் அதைத் தொடரலாமா, அல்லது அவரோடு வழக்கும் செத்துவிட்டதா என்பதுதான் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் இருந்த கேள்வி. வக்கீல் அலட்சியமாக இருந்தாரா என்ற மூலக் கேள்விக்கு அதுவரை பதிலே வந்திருக்கவில்லை.

கோர்ட்டே செய்யக்கூடியது

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த தீர்ப்பு 1981இல் வந்த ரஃபீக் எதிர் முன்ஷிலால். ஒரு கிராமத்து ஆள். ஃபீஸ் கொடுத்தார், வக்கீல் வைத்தார், ஊருக்குப் போனார். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வக்கீல் வராததால் மேல்முறையீடு தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் கேட்டது ரொம்ப எளிய கேள்வி: இந்த மனுஷன் இதுக்கு மேல என்னதான் பண்ணியிருக்க முடியும்? வக்கீலை நம்பியதைத் தவிர அவர் செய்த தவறு என்ன? மேல்முறையீட்டை உயிர்ப்பித்தது. எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கொடுக்க வேண்டுமே, அதை வராமல் போன வக்கீலிடமிருந்து வசூலிக்கச் சொன்னது.

2000இல் ராமன் சர்வீசஸ் வழக்கில் அதே யோசனை திரும்பி வந்தது. வக்கீல்கள் வேலைநிறுத்தம் என்று கோர்ட்டுக்கு வராததால் எக்ஸ்பார்ட்டி ஆன வழக்கு. செலவுத் தொகையாகப் போட்ட 5,000 ரூபாயில் பாதியைக் கட்சிக்காரர் தன் வக்கீல்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம்.

தொகை சின்னதுதான். ஆனால் இந்த முறையில் இரண்டு விஷயங்கள் நேராக நடக்கின்றன. கட்சிக்காரருக்கு வழக்கு திரும்பக் கிடைக்கிறது, தவறியவர் செலவை ஏற்கிறார். தனிப் புகார் இல்லை, டெல்லி இல்லை, மனசில் என்ன இருந்தது என்ற ஆராய்ச்சியும் இல்லை. குறை என்னவென்றால் இது நீதிபதிக்கு நீதிபதி மாறும் கருணையாகவே நின்றுவிட்டது. 1993இல் சலில் தத்தா வழக்கில், ரஃபீக் தீர்ப்பை எல்லோருக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே கட்சிக்காரர் நகரத்தில் இருக்கும் ஒரு கம்பெனி என்பதால் அந்த வேறுபாடு நியாயம்தான். ஆனால் அதன் விளைவாக, "நீ விழிப்பாக இருந்திருக்க வேண்டும்" என்ற வாசகம் கம்பெனியைத் தாண்டி, மரத்தடியில் நிற்கிறவர் மேலும் பாய ஆரம்பித்துவிடுகிறது.

என்ன மாற வேண்டும்?

என் ஆசைப் பட்டியல் சிறியது. பிரிவு 35(3)இல் நஷ்டஈடு என்று ஒரு வரி. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் வக்கீல் அல்லாத ஒருவர். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் பொதுமக்கள் தரப்பு உறுப்பினர் உட்காருகிறார், வானம் இடிந்து விழவில்லை. அங்கே 2010 முதல் சட்டப் பணிகளுக்கென்றே தனியாக ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். சேவைக் குறைபாட்டுக்கு 50,000 பவுண்டு வரை நஷ்டஈடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. கடைசியாக, செய்யாமல் விடுவதை, ஒழுக்கக்கேடு என்ற ஒட்டு இல்லாமல், தனிக் குற்றமாக எழுதிவைக்க வேண்டும். தண்டனை சிறியதாக இருக்கட்டும். முதல் தடவைக்குக் கண்டனம் போதும். ஆனால் அது பதிவாக வேண்டும்.

அதுவரை கட்சிக்காரர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவே. வழக்குப் போட்டதும் சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒன்று இருக்கும். ஈகோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டிலிருந்தே தெரியும். எண் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் வழக்கே போடப்படாமல் இருக்கலாம், உடனே விசாரியுங்கள். மூல ஆவணங்களைக் கொடுக்கும் முன் நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்குங்கள். ஃபீஸைக் கூடுமானவரை வங்கி வழியாகக் கொடுங்கள். வக்கீலிடம் சந்தேகப்பட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உச்ச நீதிமன்றமே நீங்கள்தான் அவரைக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்று சொல்லியிருக்கிறதே, அதைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தங்கள் கட்சிக்காரரின் வாய்தாவுக்காகக் காய்ச்சலோடு கோர்ட்டுக்கு ஓடுகிற வக்கீல்கள் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன். இந்த விமர்சனம் அவர்களுக்கு எதிரானது இல்லை. ஒழுங்கு நடவடிக்கை பலவீனமாக இருப்பதால் முதலில் நஷ்டப்படுவது கட்சிக்காரர் என்றால், அடுத்தபடியாக நஷ்டப்படுவது அவர்கள்தான். ஓடுகிறவரையும் ஓடாதவரையும் பிரித்துக் காட்டும் ஒரு பதிவேடு நம்மிடம் இல்லாதவரை, "வக்கீல்னாலே இப்படித்தான்" என்ற பேச்சை அவர்களும் சேர்ந்தே சுமக்க வேண்டியிருக்கும்.